பாதி சர்வர் அறையில், பாதி கிளவுடில்: கண்காணிப்பை எங்கே வைப்பது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அப்ளிகேஷனின் ஒரு பகுதி சொந்த சர்வர்களில் ஓடுகிறது, மறு பகுதி கிளவுடுக்குப் போய்விட்டது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு கண்காணிப்புச் சேவையை நிறுவ வேண்டும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: டேட்டாபேஸும் பழைய கணக்குச் சேவையும் எங்கள் சர்வர் அறையில். வெப் பகுதியும் ஏபிஐ-யும் கிளவுடில், குபர்நெட்டீஸில் (கன்டெய்னர்களை ஓட்டிப் பராமரிக்கும் அமைப்பு). நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு). கண்காணிப்பு சர்வரை எந்தப் பக்கம் வைப்பது என்று எங்கள் குழுவில் பல வாரமாக வாக்குவாதம். தீர்ப்பு சொல்லுங்கள்.

இரண்டு பக்கமும் வையுங்கள். மழுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன்.

கிளவுடில் மட்டும் வைத்தால், விபிஎன் அறுந்த நிமிடமே உங்கள் சர்வர் அறை முழுவதும் செத்துவிட்டதாகத் திரையில் சிவப்பாகத் தெரியும். அங்கே எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதைச் சொல்ல யாருக்கும் வழி இருக்காது. சர்வர் அறையில் மட்டும் வைத்தால், அங்கே மின்சாரம் போகும்போது கண்காணிப்பும் சேர்ந்தே போய்விடும், அப்போது வருவது அலர்ட் அல்ல, வாடிக்கையாளரின் போன். ஆகவே தகவலைச் சேகரிப்பதும், அலர்ட் விதிகளைச் சோதித்துப் பார்ப்பதும், அலர்ட்டை அனுப்புவதும் அந்தந்தப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். ஒரே இடத்தில் இருக்க வேண்டியது பார்க்கும் திரையும் நீண்டகாலச் சேமிப்பும் மட்டும்தான்.

ப்ராமிதியஸ் என்று எடுத்துக்கொண்டால் (அளவீடுகளைச் சேகரித்து அலர்ட் விதிகளைச் சோதிக்கும் மென்பொருள், 2012-ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கியது, இன்று இந்த வேலைக்கு அநேகமாக எல்லோரும் முதலில் தொடும் கருவி), ஒவ்வொரு பக்கமும் சின்னதாக ஒன்றை நிறுவுங்கள். இரண்டும் ரிமோட் ரைட் (சேகரித்ததை வேறிடத்துக்கு அனுப்பும் வசதி) மூலம் ஒரு பொதுச் சேமிப்புக்கு அனுப்பட்டும், பார்க்கும் திரையான கிராஃபனா அந்தச் சேமிப்பிலிருந்து படிக்கட்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மறுமுனை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு மேல் கிடைக்காமல் போனால், அனுப்பப்படாத தகவல் அந்தப் பொதுச் சேமிப்புக்குப் போய்ச் சேராது. உள்ளூர் ப்ராமிதியஸில் அது பத்திரமாகத்தான் இருக்கும், அதனால் கிராஃபனாவில் உள்ளூர் சர்வரையும் ஒரு தகவல் மூலமாகச் சேர்த்து வைத்தால் நீண்ட இணைப்புக் கோளாறுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்க முடியும்.

அப்புறம் அலர்ட் வெளியே போகும் வழி. சர்வர் அறை அலர்ட் எல்லாம் கிளவுடில் இருக்கும் மெயில் சர்வர் வழியாகத்தான் போகிறது என்றால், விபிஎன் அறுந்த செய்தி விபிஎன் வழியாகப் போகக் காத்திருக்கும். அந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு இணைய வழியோ, மொபைல் மோடம் வழியாக எஸ்எம்எஸ்-ஸோ இருக்கட்டும்.

கடைசியாக, இந்த அமைப்பில் அதிகம் கெட்டுப்போகும் பாகம் எது என்று கேட்டால் சர்வரும் இல்லை, டேட்டாபேஸும் இல்லை, நடுவில் இருக்கும் அந்த இணைப்புதான். அதை இரண்டு திசையிலும் சோதியுங்கள்: இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. வெறும் பிங் (சின்ன பாக்கெட் ஒன்றை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) போதாது. ஈதர்நெட்டில் பாக்கெட் அளவு வழக்கமாக 1500 பைட், ஐபிசெக் போன்ற விபிஎன் தன் தலைப்புகளை (ஹெடர்) சேர்க்கும்போது உள்ளே போகக்கூடிய அளவு 1400 பக்கம் இறங்கிவிடும். இந்தக் கணக்கு எங்காவது தவறாக அமைக்கப்பட்டிருந்தால் சின்ன பாக்கெட் எல்லாம் போகும், பெரிய பதில் மட்டும் பாதியில் தொங்கும். பிங் பச்சை, அப்ளிகேஷன் செத்தது. ஆகவே சோதனைக்குச் சில பத்து கிலோபைட் பதில் தரும் ஒரு முகவரியை வைத்து, அது முழுதாக வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து வையுங்கள். பெயர்த் தேடலையும், அதாவது டிஎன்எஸ்-ஐயும், இரண்டு பக்கமும் தனியாகச் சோதியுங்கள். ஒரே பெயர் இங்கே ஒரு முகவரியும் அங்கே வேறு முகவரியும் தருவது கலப்பு அமைப்புகளில் சகஜம்.

கேள்வி: நெட்வொர்க் பாதுகாப்புக் குழு உள்ளே வரும் எந்தப் போர்ட்டையும் திறக்க மாட்டோம் என்கிறார்கள். கிளவுடில் இருந்து வந்து மெட்ரிக் (அளவீடுகள்) எடுத்துக்கொள்ளும் முறையில் எல்லாம் நிறுவி முடித்த பிறகு சொல்கிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் சொல்வது சரி. நிறுவிய பிறகு சொன்னதுதான் தவறு, ஆனால் நிறுவும் முன் நீங்களும் கேட்கவில்லை போலிருக்கிறது.

ப்ராமிதியஸ் போய் எடுத்துவரும் வகை. சர்வரின் அளவீடுகளை எடுத்துக் காட்டும் சின்ன நிரல்களில், நோட் எக்ஸ்போர்ட்டருக்கு 9100, விண்டோஸ் எக்ஸ்போர்ட்டருக்கு 9182 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் வேண்டும். அதைக் கிளவுடில் இருந்து நேரடியாகச் செய்யப் பார்த்தால் சர்வர் எண்ணிக்கை அளவுக்கு ஃபயர்வால் விதி எழுத வேண்டிவரும், எந்தக் குழுவும் ஒப்புக்கொள்ளாது. போய் எடுக்கும் வேலையைச் சர்வர் அறைக்குள்ளேயே முடித்துவிட்டு, அங்கிருந்து வெளியே தள்ளுங்கள். அதற்கென்றே ப்ராமிதியஸில் 2021-லிருந்து ஏஜென்ட் முறை என்று ஒன்று இருக்கிறது, எடுக்கும், அனுப்பும், அவ்வளவுதான். ஆனால் அந்த முறையில் அலர்ட் விதிகள் ஓடாது. முதல் கேள்விக்கு நான் சொன்னதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால் முழு ப்ராமிதியஸையே வையுங்கள்.

டிரேஸும் (ஒரு கோரிக்கை எந்தெந்தச் சேவை வழியாகப் போனது என்ற தடம்) லாகும் (நிகழ்வுப் பதிவுகள்) அனுப்ப ஓப்பன்டெலிமெட்ரி கலெக்டர், அதாவது அவற்றை வாங்கி மறுமுனைக்கு அனுப்பும் மென்பொருள். அது கேட்பது இரண்டு போர்ட்: ஜிஆர்பிசி என்ற தொடர்பு முறைக்கு 4317, எச்டிடிபி-க்கு 4318. சர்வர் அறைக்குள் எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், வெளியே போகும்போது எச்டிடிபி வழியை 443 போர்ட்டுக்குப் பின்னால் வைத்து அனுப்புங்கள். ஜிஆர்பிசி-க்கு எச்டிடிபி இரண்டாம் பதிப்பு தேவை, பழைய ப்ராக்ஸிகள் (இடையில் நிற்கும் சர்வர்கள்) பல அதை நடுவில் உடைத்துவிடும், பிழைச் செய்தியும் ஒன்றும் புரியாத மாதிரி இருக்கும். பாதுகாப்புக் குழுவிடம் போகும்போது கோரிக்கையை ஒரே வரியில் வையுங்கள்: ஒரு மூல இயந்திரம், ஒரு இலக்கு, 443, வெளிச்செல்லும் திசை மட்டும். இதற்கு அனுமதி கிடைக்காத இடம் அபூர்வம்.

அனுமதி கிடைத்த பிறகும் சான்றிதழ் பிழை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நிறுவனத்தின் ப்ராக்ஸி டிஎல்எஸ் குறியாக்கத்தை நடுவில் பிரித்துப் பார்க்கிறது என்றால், அது தன் சொந்தச் சான்றிதழைத்தான் நீட்டும். அந்த உள் சான்றிதழை லினக்ஸில் சேர்த்துவிட்டோம், இருந்தும் ஜாவா ஏஜென்ட் (அப்ளிகேஷனோடு சேர்ந்து ஓடித் தகவல் எடுக்கும் நிரல்) மட்டும் இணைய மறுக்கிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஜாவா பெரும்பாலும் தனக்கென்று ஒரு நம்பிக்கைக் கிடங்கு (தான் நம்பும் சான்றிதழ்களின் பட்டியல்) வைத்திருக்கும், இயங்குதளத்தில் சேர்த்தது அதற்குத் தெரியாது. அங்கேயும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் சர்வர்களுக்கு இணையமே கிடையாது. ஏஜென்டை எப்படி நிறுவுவது?

கன்டெய்னர் படிமங்களையும் பேக்கேஜ்களையும் இணையம் உள்ள ஓர் இயந்திரத்தில் இறக்கி, செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) சரிபார்த்து, உங்கள் உள் ரெஜிஸ்ட்ரிக்கு (படிமங்களின் கிடங்கு) ஏற்றி, அங்கிருந்து நிறுவுங்கள். 'லேட்டஸ்ட்' என்ற குறியீட்டைத் தொடவே வேண்டாம், பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். சில ஏஜென்ட்கள் தொடங்கும்போது கூடுதல் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கப் பார்க்கும், அது கிடைக்கும் வரை காத்திருந்து அப்ளிகேஷனின் தொடக்கத்தையும் தாமதப்படுத்தும். ஆகவே சோதனைச் சூழலையும் இணையம் இல்லாமல் வைத்தே முயன்று பாருங்கள்.

கேள்வி: எவ்வளவு டிஸ்க் வேண்டும்? விற்பனையாளர் சொல்லும் அளவு பயமாக இருக்கிறது.

மெட்ரிக்குக்குக் கணக்குப் போடுவது சுலபம். ப்ராமிதியஸ் ஒரு அளவீட்டுக்குச் சராசரியாக 1 முதல் 2 பைட் எடுக்கும். 50 சர்வர், ஒவ்வொன்றிலும் 1000 தொடர் (தனித்தனியாகப் பதியப்படும் அளவீட்டு வரிசை), 15 நொடிக்கு ஒரு முறை அளவீடு என்றால் நொடிக்கு 3300 சொச்சம், நாளுக்கு 28.8 கோடி. 30 நாளுக்கு வைத்துக்கொண்டால் 2 பைட் கணக்கில் 17 ஜிபி சொச்சம்தான். மாற்றாமல் விட்டால் 15 நாள்தான் வைத்திருக்கும், அதை மறக்க வேண்டாம். உள்ளூர் டிஸ்க்கில் வையுங்கள், என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்பு அமைப்பில் வைக்காதீர்கள். விற்பனையாளர் சொன்ன அளவு லாகுகளுக்காக இருக்கும், லாக் உண்மையிலேயே இடத்தைத் தின்னும்.

கேள்வி: டிரேஸ் திரையில் கிளவுடில் இருக்கும் சேவை கூப்பிடுவதற்கு முன்னாலேயே எங்கள் சர்வரில் இருக்கும் சேவை பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறது! இன்னும் சில டிரேஸ்கள் பாதியில் அறுந்து இரண்டாகத் தெரிகின்றன.

இரண்டும் வேறு வேறு நோய்.

முதலாவது கடிகாரம். ஒவ்வொரு ஸ்பானும் (டிரேஸின் ஒரு துண்டு) தன் இயந்திரத்தின் நேரத்தைத்தான் பதிகிறது. கிளவுட் இயந்திரங்கள் அந்த நிறுவனத்தின் நேர சேவையோடு ஒத்திசைந்திருக்கும், உங்கள் சர்வர்கள் எப்போதோ யாரோ அமைத்த என்டிபி (நேரத்தை ஒத்திசைக்கும்) சர்வரைப் பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது எதையும் பார்க்காது. 50 மில்லிநொடியில் முடியும் அழைப்பில் கடிகாரம் 80 மில்லிநொடி விலகியிருந்தால் விளைவு காரணத்தை முந்திக்கொள்ளும். நேர விலகலையே ஒரு மெட்ரிக்காக எடுத்து அலர்ட் வைக்கலாம், நோட் எக்ஸ்போர்ட்டர் அதைத் தருகிறது. இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன்: கூகுளின் நேர சர்வர்கள் லீப் நொடியை (பூமியின் சுழற்சிக்கு ஏற்பச் சேர்க்கும் கூடுதல் நொடி) ஒரே அடியாகச் சேர்க்காமல் 24 மணி நேரத்துக்குப் பரப்பிவிடும், மற்ற பல சர்வர்கள் அப்படிச் செய்வதில்லை, ஆகவே இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. கடைசி லீப் நொடி வந்தது 2016 முடிவில், அதனால் இது இன்றைய தலைவலி இல்லை, ஆனாலும் அமைக்கும்போதே சரியாக அமைத்துவிடலாமே.

இரண்டாவதற்குக் காரணம் தலைப்பு, அதாவது ஹெடர். ஒரு கோரிக்கையின் அடையாள எண் ஒவ்வொரு அழைப்போடும் எச்டிடிபி தலைப்பில் பயணிக்க வேண்டும். இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2020-ல் இதற்கு டிரேஸ்பேரன்ட் என்ற தலைப்பைத் தரப்படுத்தியது, புதிய கருவிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. உங்கள் பழைய சேவை ஜிப்கின் என்ற பழைய டிரேஸ் கருவியின் காலத்து பி3 தலைப்பைப் பேசிக்கொண்டிருந்தால் ஒன்றுக்கு மற்றொன்று புரியாது. ஓப்பன்டெலிமெட்ரியில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்கவும் அனுப்பவும் சொல்லலாம், மாறும் காலம் வரை அப்படி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நடுவில் இருக்கும் கேட்வே தெரியாத தலைப்புகளை உரித்துப் போடுகிறதா என்று பாருங்கள், விபிஎன்-னுக்கு இரு புறமும் ஒரே கோரிக்கையைப் பிடித்து ஒப்பிட்டால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். மெசேஜ் க்யூ (சேவைகள் செய்திகளை வரிசையில் போட்டு எடுக்கும் இடம்) வழியாகப் போகும் வேலைகளில் எச்டிடிபி தலைப்பே கிடையாது, செய்தியின் சொந்தத் தலைப்பில் எண்ணை எழுத வேண்டும். பெரும்பாலான நூலகங்கள் இதைத் தாமாகச் செய்யும், வீட்டிலேயே எழுதிய க்யூ நூலகம் செய்யாது.

கேள்வி: கண்காணிப்புக்கான கிளவுட் பில், அப்ளிகேஷனின் பில்லைத் துரத்திப் பிடிக்கிறது. எதை வெட்டுவது?

முதலில் லேபிள்களை, அதாவது மெட்ரிக்கோடு ஒட்டிவரும் விவரங்களை, பாருங்கள். பயனர் எண், ஆர்டர் எண், முழு இணைய முகவரி இவற்றை எவராவது மெட்ரிக் லேபிளில் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு புது மதிப்பும் ஒரு புதுத் தொடர், ஒரு லட்சம் பயனர் என்றால் ஒரே மெட்ரிக் ஒரு லட்சம் தொடராகப் பெருகும், அதை மற்ற லேபிள்களால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த விவரம் இருக்க வேண்டிய இடம் லாகும் டிரேஸும்.

பிறகு டீபக் லாகுகள் (பிழை தேடுவதற்காக எழுதும் நுணுக்கமான பதிவுகள்). சர்வர் அறையிலிருக்கும் கலெக்டரிலேயே வடிகட்டிவிடுங்கள். கிளவுடுக்குள் நுழையும் தகவலுக்குப் பெரும்பாலும் போக்குவரத்துக் கட்டணம் இல்லை, வெளியேறும் தகவலுக்கு உண்டு. ஆகவே கிளவுட் லாகுகளையெல்லாம் சர்வர் அறைக்கு இழுத்துவந்து சேமிப்பது மலிவு என்று யாராவது சொன்னால் போக்குவரத்துக் கணக்கையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிரேஸில் மாதிரி எடுப்பதுதான் சிக்கலான இடம். தொடக்கத்திலேயே நூற்றில் பத்தை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுப்பது எளிது, செலவும் குறையும், ஆனால் பிழை வந்த அந்த ஒரு கோரிக்கை மீதி தொண்ணூறில் இருக்கும். கோரிக்கை முடிந்த பிறகு பிழையானவற்றையும் மெதுவானவற்றையும் மட்டும் வைத்துக்கொள்ளும் முறை நல்லது. அதற்கு ஒரு டிரேஸின் எல்லா ஸ்பான்களும் ஒரே கலெக்டருக்கு வர வேண்டும். உங்கள் கோரிக்கை இரண்டு பக்கமும் நடக்கிறது. சர்வர் அறை கலெக்டர் தன் பாதியைப் பார்த்து எல்லாம் நலம் என்று தூக்கிப் போட்டிருக்கும், கிளவுட் கலெக்டர் தன் பாதியில் பிழையைப் பார்த்து வைத்திருக்கும், கடைசியில் கையில் கிடைப்பது அரை டிரேஸ். எனவே இந்த முடிவை ஒரே பக்கத்தில், எல்லா ஸ்பான்களும் வந்து சேரும் இடத்தில் மட்டும் எடுங்கள். கலெக்டர் ஒன்றுக்கு மேல் இருந்தால், டிரேஸ் எண்ணைப் பார்த்துப் பிரித்து அனுப்பும் ஒரு அடுக்கு முன்னால் வேண்டும். விபிஎன் தாங்காத அளவுக்கு ஸ்பான் வருகிறதென்றால் தொடக்க மாதிரியோடு நின்றுகொள்ளுங்கள், அதில் தப்பில்லை.

கேள்வி: லாகில் வாடிக்கையாளர் விவரம் இருக்கிறது. அது கிளவுடுக்குப் போகக் கூடாது என்று எங்கள் விதி. பிறகு அழித்துக்கொள்ளலாமா?

கூடாது. போன பிறகு அழிப்பது போகாமல் இருப்பதற்குச் சமம் ஆகாது. சர்வர் அறை கலெக்டரிலேயே மறைத்துவிட்டு அனுப்புங்கள். அதிலும் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலை எழுதாதீர்கள், அனுமதிக்கப்பட்ட புலங்களின் பட்டியலை எழுதுங்கள். நாளை ஒரு டெவலப்பர் புதிதாக ஒரு புலம் சேர்த்தால் அது தானாகவே நின்றுவிடும். டேட்டாபேஸ் கேள்விகளின் முழு வாசகத்தையும், எச்டிடிபி முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வருவதையும் மறக்க வேண்டாம், ரகசியங்கள் அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

கேள்வி: ஏஜென்ட் போட்டால் அப்ளிகேஷன் மெதுவாகுமா?

கொஞ்சம் ஆகும். ஜாவா ஏஜென்ட் தொடங்கும்போது வகுப்புகளைத் திருத்துவதால் தொடக்க நேரம் கூடுவது நன்றாகவே தெரியும். குபர்நெட்டீஸில் ஸ்டார்ட்அப் ப்ரோப்பின் (தொடங்கிவிட்டதா என்று பார்க்கும் சோதனை) நேர வரம்பை உயர்த்தாவிட்டால் தொடங்கி முடிப்பதற்குள் கொன்று மறுபடி தொடங்கும், பழி ஏஜென்ட் மேல் விழும். ஒரே ஒரு இயந்திரத்தில் போட்டு, போடாத இயந்திரத்தோடு ஒரு முழு வேலைநாள் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே கை வைக்கவே முடியாத பழைய சேவைக்கு ஏஜென்ட் வேண்டாம், வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் சோதனையும் அந்த இயந்திரத்தின் மெட்ரிக்கும் போதும்.

கேள்வி: எது சிறந்த கருவி?

உங்கள் குழுவில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வருபவருக்கு எது தெரியுமோ அது.

கேள்வி: எல்லாம் நிறுவிவிட்டோம். சரியாக வேலை செய்கிறது என்று எப்படி நம்புவது?

உடைத்துப் பாருங்கள். முன்கூட்டி எல்லோருக்கும் சொல்லிவிட்டு, ஆள் இருக்கும் நேரத்தில் விபிஎன்-னை அறுத்துவிடுங்கள். வர வேண்டியது இணைப்பு அறுந்தது என்ற ஒரே அலர்ட். அதற்குப் பதிலாக மறுபக்கத்துச் சேவைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அலறினால், ப்ராமிதியஸின் அலர்ட்களை அனுப்பும் அலர்ட்மேனேஜரில் இன்ஹிபிஷன் விதி எழுதவில்லை என்று அர்த்தம். இணைப்பு அலர்ட் எரியும்போது அதைச் சார்ந்தவை அடங்கியிருக்க வேண்டும். அடுத்து ப்ராமிதியஸையே நிறுத்துங்கள். அதுவும் யாருக்காவது தெரிய வேண்டும். இதற்கு வழக்கமான வழி, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டை எழுதி, அதை வெளியே ஒரு சேவைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது. அது வருவது நின்றதும் அந்தச் சேவை உங்களைக் கூப்பிடும். சர்வர் அறைக்கு ஒன்று, கிளவுடுக்கு ஒன்று என இரண்டு வேண்டும்.

பிறகு இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறுந்திருந்த நேரத்து டிரேஸ்களும் லாகுகளும் வந்து சேர்ந்தனவா என்று பாருங்கள். ஓப்பன்டெலிமெட்ரி கலெக்டர் மாற்றாமல் விட்டால் அனுப்ப வேண்டியதை நினைவகத்தில்தான் வைத்திருக்கும், 5 நிமிடம் முயன்றுவிட்டுக் கைவிட்டுவிடும். உங்கள் சோதனை 10 நிமிடம் நீடித்து, முதல் சில நிமிடங்கள் திரையில் வெறுமையாக இருந்தால், க்யூவை டிஸ்க்குக்கு மாற்றி, மறுமுயற்சி நேரத்தையும் கூட்டிவிட்டு, இன்னொரு முறை அறுத்துப் பாருங்கள்.